சாக்ஸ் மெஷினுக்கு நான் பூசிய கிரீஸ்

ரிட்டயர் ஆன மறுவாரமே வீட்டில் சுழல்கிற சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். முதலில் மேஜை விசிறி. அடுத்து மிக்ஸி. அப்புறம் தண்ணீர் மோட்டார். கிரைண்டருக்கு அடியில் இருக்கிற ரப்பர் கால்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன் நான். கல் உடைக்கிற கிரஷரையும் ஆள் உயரத்துக்கு இருக்கிற கியர் பாக்ஸையும் பார்த்துப் பழகிய ஆளை ஒரு நாள் காலையில் சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பினால் என்ன செய்வான்? பேப்பரை எவ்வளவு நேரம் படிப்பது? எட்டரைக்கே படித்து முடித்துவிடுவேன். அதற்குமேல் ராத்திரிவரை ஒரு பகல் முழுக்க மலை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்பாள் என் மனைவி, நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் சத்தம் கேட்டாலே போதும். விசிறியைப் பிரித்தபோது சொன்னாள், மிக்ஸியைப் பிரித்தபோது சொன்னாள். மோட்டார் சமயத்தில் வீட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் வராததால் சொல்லவில்லை, வேறு மொழியில் பேசினாள். ஆனால் ஒரு சாமானைப் பற்றி மட்டும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய சாக்ஸ் மெஷினை நான் தொடக்கூடாது.

அந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு படி அளவுக்கு இரும்பு உருளை. அதை மேஜை விளிம்பில் திருகி மாட்டியிருப்பாள். உருளையைச் சுற்றி மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஊசி, மொத்தம் எழுபத்திரண்டு. ஒவ்வொரு ஊசியின் தலையிலும் ஒரு கொக்கி இருக்கும். கொக்கிக்குக் கீழே சின்னதாக ஒரு நாக்கு, மேலும் கீழுமாக ஆடும். பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் ஊசிகள் வரிசையாக ஏறி இறங்கும். கொக்கி நூலைப் பிடிக்கும், நாக்கு மூடிக்கொள்ளும், பழைய நூல் வளையம், அதைக் கண் என்பாள், நழுவி, புதுக் கண் விழும். உருளைக்கு உள்ளே குழாய் மாதிரி சாக்ஸ் இறங்கிக்கொண்டே இருக்கும். கரண்டு கிடையாது. அவள் கைதான் கரண்டு.

இந்த வெயில் ஊரில் சாக்ஸ் யாருக்கு என்று நானே கேட்டிருக்கிறேன். அது அவள் தம்பிக்காக வந்தது. செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடுகிற ஆள், என் ஒரே மச்சினன். சர்க்கரை முற்றி அவன் இரண்டு பாதத்திலும் உணர்ச்சி போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் வெங்காயக் காட்டில் ஒரு முள் ஏறியது. அவனுக்குத் தெரியவே இல்லை. அதோடு இரண்டு நாள் நடந்திருக்கிறான். அவன் பெண்டாட்டி பார்த்தபோது பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. வலது காலில் சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுத்த பிறகுதான் நின்றது. இனி ஒரு காயம் பட்டால் விரலோடு போகாது, பாதத்தோடு போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அழுத்தாத, உரசாத, மெத்தென்ற நூல் சாக்ஸ் போட்டு, அதன்மேல் செருப்பு போட்டு நடக்கச் சொன்னார். கடை சாக்ஸில் விரல் முனையில் தையல் மேடு இருக்கும். விரல் இல்லாத இடத்தில் அது மடங்கி உரசும். என் மனைவி ஒரு மாசம் அலைந்து, பெரம்பலூரில் தொழிலை விட்டுவிட்ட ஒரு அம்மாவிடமிருந்து இந்த மெஷினை வாங்கி வந்தாள். சுற்றக் கற்றுக்கொண்டு, தம்பியின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வந்து, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பின்னினாள். முனையில் மேடே இல்லாமல் கையால் கண்ணுக்குக் கண் கோர்த்து மூடுவாள். முடிந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள். விரலுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும் என்பது அவள் கணக்கு. அதைப் பார்த்து அந்தக் கால் டாக்டரிடம் வருகிற வேறு சிலரும் கேட்க ஆரம்பித்து, அவளுக்கு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

அவள் அதைப் பராமரிக்கிற விதம் எனக்குச் சிரிப்பாக வரும். வாரம் ஒரு தடவை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஊசி இடுக்கில் சேர்கிற பஞ்சை எடுப்பாள். ஈர்க்குச்சி நுனியில் தையல் மெஷின் எண்ணெயைத் தொட்டு, இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. அவ்வளவுதான். என் கிழிந்த பனியனால் துடைப்பாள். பிறகு வேண்டாத நூலைக் கோர்த்துப் பத்துச் சுற்றுச் சுற்றி, மிச்ச எண்ணெய் எல்லாம் அந்த நூலில் வந்தபிறகுதான் நல்ல நூலைத் தொடுவாள். ஒவ்வொரு ஊசி நாக்கையும் விரலால் தட்டி ஆடுகிறதா என்று பார்ப்பாள். மேலே ஒரு துணியைப் போட்டு மூடுவாள், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எதைத் திறந்து வைத்தாலும் மாலைக்குள் ஆலைத் தூசி அதன்மேல் வெள்ளைப் படலமாக இருக்கும். நான் திண்டில் உட்கார்ந்துகொண்டு, "இது மெயின்டனன்ஸா, சாமிக்குப் பொட்டு வைக்கிறியா?" என்று கேட்பேன். அவள் அடுத்த ஊசி நாக்கைத் தட்டுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சிறுவாச்சூருக்குப் போனாள். அங்கே காளி கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். கூட்டத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வர மாலை ஆகிவிடும். காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். பேப்பர் படித்தேன். மறுபடி பேப்பர் படித்தேன். ஆலையில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பிரித்து மாட்டுவோம், அதற்கு ஷட் டவுன் என்று பேர். அந்த மெஷினுக்கு வாங்கியதிலிருந்து ஷட் டவுனே நடக்கவில்லை என்பது என் மூளையில் நமைச்சலாக ஆரம்பித்தது. பத்தரை மணிக்கு ஊசிகளைச் சுற்றிக் கட்டியிருந்த ஸ்பிரிங்கை அவிழ்த்தேன்.

வேலை நன்றாகத்தான் போனது என்று சொல்ல ஆசை. ஊசிகளை எல்லாம் பேப்பர்மேல் பரப்பினேன். உருளையைத் தூக்கினேன். உள்ளே அவள் வைத்த எண்ணெய்ப் பொட்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை, காய்ந்துபோயிருந்தது மாதிரி எனக்குத் தெரிந்தது. இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் கிரீஸ் இல்லாமல் எப்படி ஓடும்? ஷெட்டிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து வந்து, கிரஷர் பேரிங்குக்கு அப்புவதைப் போல அப்பினேன். எல்லாவற்றையும் மாட்டி, நூல் கோர்க்காமல் வெறுமனே கைப்பிடியைச் சுற்றினேன். கனமாக இருந்தது. கனம் என்றால் பலமாகச் சுற்றுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். சுற்றினேன். டிக் என்று ஒரு சத்தம்.

ஓர் ஊசி கிரீஸில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்று, நூலைக் கொண்டுபோகிற இரும்புக் கையில் போய் முட்டியிருந்தது. உருவிப் பார்த்தேன், வளைந்திருந்தது. கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை. அவளுடைய டப்பியில் மிச்ச ஊசி பத்து இருந்தது. ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, வளைந்ததை என் பழைய பிளேடு டப்பாவில் போட்டு மூடினேன். பத்து நிமிஷ வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைவிட எளிதாக இருந்தது.

அன்று மாலை குங்குமத்தோடு வந்தவள் மெஷினைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள், கிரீஸை மட்டும். சத்தம் போடவில்லை. மண்ணெண்ணெயும் பனியனுமாக உட்கார்ந்து, எட்டிய இடத்தையெல்லாம் துடைத்து எடுத்தாள். வேண்டாத நூலை ஒரு முழம் சுற்றி இறக்கினாள். அது முழுக்கக் கறுப்பு. "வெறும் எண்ணெதான் போட்டேன்னு நெனச்சேன்" என்று ஏதோ உளறினேன். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்கத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஒரு ஜோடி பின்னினாள். திங்கட்கிழமை அவன் மகன் ஏதோ வேலையாக அரியலூர் வந்தவன் அதை வாங்கிப் போனான்.

அதற்கப்புறம் பத்து நாள். அந்தப் பத்து நாளில் அவள் வேறு மாதிரி இருந்தாள். முதல் நாலு நாள் வழக்கம்போலச் சுற்றினாள். பிறகு மெஷின்மேல் போட்ட துணியை எடுக்கவே இல்லை. நூல் சரியில்லை என்றாள். ஒரு நாள் நூல் வாங்கப் பெரம்பலூர் போய்விட்டு வெறுங்கையோடு வந்தாள். பின்னி முடித்து வைத்திருந்த பன்னிரண்டு ஜோடியையும் எடுத்து, உள்ளே வெளியே திருப்பித் திருப்பிக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கிரீஸ் பூசிய கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்து, வீட்டில் எந்த ஸ்க்ரூவையும் தொடாமல் பதுங்கியிருந்தேன்.

வியாழக்கிழமை காலை குழாய்க்கு ஒரு வாஷர் தேடி பிளேடு டப்பாவைத் திறந்தேன். வளைந்த ஊசி மேலே கிடந்தது. இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தேன். கொக்கி சரியாக இருந்தது. கொக்கிக்குக் கீழே நாக்கு பாதிதான் இருந்தது.

மிச்சப் பாதி எங்கே?

ஆலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கியர் பாக்ஸின் மூடியைப் போடுவதற்கு முன்னால் எடுத்த சாமானை எல்லாம் எண்ணவேண்டும். ஸ்பானர் எண்ணு, நட்டு எண்ணு, துடைத்த துணியைக்கூட எண்ணு. ஒன்று குறைந்தால் மூடி ஏறாது. ஒரு நட்டுக்காக மூன்று மணி நேரம் உற்பத்தியை நிறுத்தி வைத்து, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசியில் அதை என் சட்டைப் பையிலேயே கண்டுபிடித்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் எண்ணாமல் நான் எதையும் மூடியதில்லை. வீட்டில் எண்ணவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது பெண்டாட்டி மெஷின், அதனால் எண்ணவில்லை.

பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கி வைத்த காந்தம் ஒன்று இருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் தரையெல்லாம் அதை இழுத்தேன். மேஜைக்கு அடியில் இழுத்தேன். உருளைக்குள் விட்டுச் சுழற்றினேன். பன்னிரண்டு ஜோடி சாக்ஸின்மேலும் ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுத்தேன். ஒரு குண்டூசியும் ஒரு ஹேர்பின்னும் கிடைத்தன. நாக்கு கிடைக்கவில்லை. கிரீஸ் அதை எங்கேயோ பள்ளத்தில் பிடித்து வைத்திருந்து, அவள் சுற்றும்போது நூலோடு விட்டிருக்கவேண்டும். வீட்டை விட்டு வெளியே போனது ஒரே ஜோடி. அது எந்தக் காலில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆணி ஏறினாலும் தெரியாத கால்.

மச்சினனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். காட்டில் இருப்பான். அவன் பெண்டாட்டியிடம் கேட்கலாம், ஆனால் அவளிடம் சொல்வது நேராக என் மனைவியிடம் சொல்வதுதான். குளித்து வந்தவளிடம் பெரம்பலூர் போய் ஒரு வால்வு வாங்கி வருகிறேன் என்றேன். குழாய் வாஷருக்கு எதற்குப் பெரம்பலூர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். எப்போதும் கேட்பவள்.

அந்த பஸ் பிரயாணத்தை இன்னொரு தடவை போகச் சொன்னால் நடந்தே போய்விடுவேன். அரியலூர் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. டிரைவர் ஹாரன் அடித்தால் ஏன் அடிக்கிறான் என்றிருந்தது, அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்றிருந்தது. உட்கார இடம் இருந்தும் நின்றேன். சட்டைப் பையில் காந்தம் கனத்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், எனக்குக் கனம் பையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். திங்கள் வாங்கியது. செவ்வாய் போட்டிருப்பான். இல்லை, பழையதைத் துவைத்து முடித்துவிட்டுப் புதன் போட்டிருப்பான். புதனிலிருந்து எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை நடை? முள் ஏறியபோது இரண்டு நாளில் இரண்டு விரல் போனது. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்ற ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் செட்டிகுளம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். ஒரு டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். டீக்கடைக்காரர் பின்னாலேயே கூப்பிட்டது பஸ்ஸில் ஏறியபிறகுதான் உறைத்தது.

செட்டிகுளத்தில் இறங்கினால் முருகன் குன்று தெரியும். கும்பிடக்கூட நிற்கவில்லை. மச்சினன் வீடு ஊருக்கு வெளியே காட்டில் இருக்கிறது. வெங்காயத்தைக் காற்றோட்டமாகக் கொட்டி வைக்கிற பட்டறை ஒன்று வீட்டை ஒட்டி நிற்கும். அதன் நிழலில் உட்கார்ந்து அவன் வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தான். வலது காலில் சாக்ஸ் இல்லை. வெள்ளைக் கட்டு இருந்தது.

என்னைப் பார்த்ததும் லுங்கியை இழுத்துக் காலை மூடினான். "வாங்க மாமா, என்ன சொல்லாம கொள்ளாம" என்று எழுந்திருக்கப் பார்த்தான். நான் எதிரே தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பதறிப்போய் இழுத்துக்கொண்டான்.

"விடுங்க மாமா. நீங்க போயி என் காலத் தொடுறதா?"

அவன் பதறியதில் நியாயம் இருந்தது. எங்கள் கல்யாணத்தில் தாம்பாளத்தில் என்னை நிற்க வைத்து என் காலைக் கழுவியவன் அவன். அக்கா புருஷன் காலை மச்சினன் தொடலாம், மச்சினன் காலை மாமன் தொடுவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். நான் விடவில்லை. கட்டுக்கு மேலே கணுக்காலைத் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை. வீக்கம் இல்லை. அதற்குமேல் என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கியர் பாக்ஸாக இருந்தால் தெரிந்திருக்கும்.

சத்தம் கேட்டு அவன் பெண்டாட்டி சொம்பில் தண்ணீரோடு வந்தாள். கட்டு என்ன என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல் தடுக்கியது என்றான் அவன். நான் பையிலிருந்து உடைந்த ஊசியை எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் ஊசியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நாக்கு இருக்கவேண்டிய இடத்தை நகத்தால் தொட்டாள். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

போன வாரம் சாக்ஸைத் துவைக்க எடுத்தபோது முன்பாதத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ரத்தம் இருந்திருக்கிறது. திருப்பிப் பார்த்தால் நூலுக்குள் படுத்துக் கிடந்து, நடக்க நடக்க நிமிர்ந்த மாதிரி எள்ளளவு இரும்பு. அன்றைக்கே இவனைப் பெரம்பலூர் கால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சுத்தம் செய்து கட்டுப் போட்டு, அன்றைக்கே வந்தது நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறார்கள். புண் உள்ளிருந்து ஆறிக்கொண்டு வருகிறது, கறுப்பு இல்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தேன். அக்காவுக்குத் தெரியவேண்டாம், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள்.

"அண்ணே, அக்காவுக்கு அன்னைக்கே போன் பண்ணிட்டேன். கட்டு மாத்துற அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. புண்ணப் பாத்துட்டு வாசப்படியில ஒக்காந்து, ஊசி நாக்கெல்லாம் முழுசாத்தான இருக்கு, என் கையால இப்படி ஆயிடுச்சேன்னு அழுதுச்சு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ரெண்டு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போச்சு."

நூல் வாங்கப் பெரம்பலூர் போய் வெறுங்கையோடு வந்த நாள் அது. என்னிடம் ஏன் சொல்லக்கூடாதாம் என்று கேட்டேன். மச்சினன்தான் சொன்னான், வெங்காயத் தாளைப் பார்த்துக்கொண்டே. அது மாமாவுக்குத் தெரிந்தால், இதுதான் நீ பார்த்த மெயின்டனன்ஸா என்று கேட்பார் என்று அக்கா சொன்னதாம்.

கேட்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அதே வார்த்தையில் கேட்டிருப்பேன், கேட்டுவிட்டுச் சிரித்தும் இருப்பேன். ஊசியை உடைத்தது நான், எண்ணாமல் மூடியது நான். பத்து நாளாக ஒவ்வொரு சாக்ஸையும் கன்னத்தில் தேய்த்து, எங்கே தப்பு செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்தது அவள். பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். கிரீஸையும் சொன்னேன், டிக் சத்தத்தையும் சொன்னேன், டப்பாவில் மறைத்ததையும் சொன்னேன். மச்சினன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப இங்க ஏன் மாமா ஒக்காந்திருக்கீங்க? கெளம்புங்க. அது அன்னையிலேர்ந்து எனக்குப் போன் பண்ணல. நான் பண்ணாலும் எடுக்க மாட்டேங்குது."

தினமும் காலையில் ஏழு மணிக்கு அவர்கள் பேசிக்கொள்வார்கள். காலைப் பார்த்தியா, கட்டை விரல் இடுக்கைப் பார்த்தியா என்று அவள் கேட்பதும் அவன் பார்த்தேன் பார்த்தேன் என்று பொய் சொல்வதும் நாலு வருஷமாக என் காபி நேரத்து இரைச்சல். அது நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவன் பெண்டாட்டி போனை எடுத்து அக்காவுக்குப் போடப்போனாள். வேண்டாம், என் வாயால்தான் சொல்லவேண்டும் என்று தடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். காலில் வெந்நீர் கொட்டியவன் மாதிரி கிளம்பி வந்துவிட்டேன்.

திரும்பி வந்த பஸ்ஸிலும் நின்றுகொண்டுதான் வந்தேன். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். முதலில் கால் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது அவளுக்குத் தெரியும். முதலில் மன்னிப்புக் கேட்கலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைச் செய்து பழக்கமில்லை. வால்வு வாங்கவில்லை என்பது அரியலூர் வந்தபிறகு ஞாபகம் வந்தது.

வீட்டில் நுழைந்தால் அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சுருள் சுருளாக நூல். நான் காந்தம் வைத்துப் பார்த்த சாக்ஸ் பன்னிரண்டு ஜோடியில் ஒன்பதைப் பிரித்து முடித்திருந்தாள். பத்தாவது மடியில் இருந்தது. இனிமேல் சாக்ஸ் பின்னித் தரமாட்டேன் என்று கால் டாக்டரிடம் சொல்லிவிட்டதாகவும், மெஷினை விற்ற பெரம்பலூர் அம்மாவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வருகிறார் என்றும் நிமிராமல் சொன்னாள். நூலை இழுக்கிற கை நிற்கவில்லை. கண் கண்ணாக அவிழ்ந்து வந்துகொண்டிருந்தது.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. உடைந்த ஊசியை அவள் முன்னால் வைத்தேன். நீ சிறுவாச்சூர் போன அன்றைக்கு நான் உடைத்தது, உன்னிடம் சொல்லாமல் வேறு ஊசி போட்டுவிட்டேன், மிச்சம் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை என்றேன். செட்டிகுளத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

நூலை இழுக்கிற கை நின்றது. ஊசியை எடுத்து நாக்கைத் தட்டிப் பார்த்தாள். அது ஆட வழியில்லை.

"எம்புட்டுப் பெருசு ஒடஞ்சிருக்கு?"

பாதி நாக்கு என்றேன்.

"ஞாயித்துக்கெழம நான் சுத்துறப்ப அது உள்ளாற இருந்துச்சா?"

இருந்திருக்கவேண்டும் என்றேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். சொல்லிவிட்டேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அவள் காதில் விழுந்த மாதிரி இல்லை. எழுந்து, நூல் சுருள்களை மிதித்துக்கொண்டே அலமாரிக்குப் போய்ப் போனை எடுத்தாள். ஒரே மணியில் மறுமுனையில் எடுத்துவிட்டான்.

"தம்பி" என்றாள். பிறகு, "அது நான் இல்லடா. நான் இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

எனக்கு வரவேண்டிய திட்டுக்காக நான் வாசல் பக்கம் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.